உப்புப் படிந்த காரை உறைபனி நாட்களில் கழுவலாமா?

முதற்பனி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோவுக்குக் குடிவந்த எனக்கு இது முதல் பனிக்காலம். அக்டோபரில் எட்டு வருடப் பழைய கறுப்பு நிறக் கார் ஒன்றை வாங்கினேன். அது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்தவெளி நிறுத்துமிடத்தில்தான் இரவும் பகலும் நிற்கிறது. டிசம்பரில் பனி கொட்டத் தொடங்கியதிலிருந்து சாலையெங்கும் உப்பு தூவுகிறார்கள். இப்போது காரின் கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் பூசியதுபோல் இருக்கிறது. இறங்கும்போது கால்சட்டை கதவுப் படியில் உரசினால் கெண்டைக்காலில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்துவிடுகிறது. கதவின் கீழ்விளிம்பை நகத்தால் சுரண்டினால் உப்பு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

நான் பெசன்ட் நகரில் வளர்ந்தவன். ஆண்டுதோறும் ரெட் ஆக்சைடு பூசியும், கடற்காற்று பட்ட எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகள் அரித்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்த உப்பை ஏப்ரல் வரை அப்படியே விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. அலுவலக நண்பர் ஒருவரோ, குளிரில் கழுவுவது வீண் வேலை, மறுநாளே பழையபடி ஆகிவிடும் என்கிறார். சென்ற வாரம் மைனஸ் 12 டிகிரியில் கார் வாஷுக்குப் போய்க் கழுவிவந்து நிறுத்தினேன். மறுநாள் காலை நான்கு கதவுகளும் உறைந்து இறுகிவிட்டன. வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் ஓட்டுநர் பக்கக் கதவைப் பலமாக இழுத்தேன். அதைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது.

எனவே, பனிக்காலத்தில் கழுவத்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த நாளில், எந்த வகைக் கார் வாஷில், எப்படிக் கழுவுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ரூஜ் கரை:

வணக்கம் தம்பி. நான் இந்த ஊரில் 26 பனிக்காலங்களைக் கண்டவன். கட்டாயம் கழுவுங்கள். ஆனால் எத்தனை தடவை கழுவுகிறீர்கள் என்பதைவிட எந்த நாளில் கழுவுகிறீர்கள் என்பதே முக்கியம்.

உங்கள் நண்பர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. குளிர் கடுமையாக இருக்கும்போது துருப்பிடிப்பது மிக மெதுவாகவே நடக்கும். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி ஏறி இறங்கி, தெருவெல்லாம் சேறும் உப்புத் தண்ணீருமாகக் கிடக்கும் நாட்களில்தான் இரும்புக்குக் கேடு அதிகம். அதோடு, இங்கே தூவுவது வெறும் கல்லுப்பு மட்டுமல்ல. மறை 10 பாகைக்கு (மைனஸ் 10 டிகிரிக்கு) கீழே கல்லுப்பு பனியை உருக்குவது வெகுவாகக் குறைந்துவிடுவதால், கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் போன்றவற்றையும் கலக்கிறார்கள். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. கல்லுப்பு ஈரமாவதற்குக் காற்றில் ஏறக்குறைய 75 வீத ஈரப்பதன் இருக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் 30, 35 வீதமே போதும். ஆகவே கார் காய்ந்துவிட்டதுபோல் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும், மடிப்புகளுக்குள் இருக்கும் உப்பு ஈரமாகவே இருந்து வேலைசெய்துகொண்டிருக்கும். வசந்தம் வரை காத்திருக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வானிலை அறிவிப்பைப் பார்த்து, பனி கொட்டி முடிந்து தெரு ஓரளவு காய்ந்த பிறகு, வெப்பநிலை மறை 5 பாகைக்கு மேலே ஏறும் ஒரு நாளைத் தெரிவுசெய்யுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மீண்டும் பனி இல்லை என்றால் இன்னும் நல்லது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அப்படியொரு நாள் கிடைத்துவிடும். நண்பகலில் போனால், மாலைக் குளிர் இறங்குமுன் கார் உலர்ந்துவிடும். மறை 12 பாகையில் கழுவியதுதான் உங்களுக்கு நேர்ந்த தொல்லைக்குக் காரணம்.

கழுவி முடித்தவுடன் வீட்டுக்கு விரையாதீர்கள். ஓர் ஓரமாக நிறுத்தி, நான்கு கதவுகளையும் பின்பெட்டியையும் திறந்து, ரப்பர் பட்டைகளையும் அவை அமரும் இரும்பு விளிம்பையும் நன்கு உறிஞ்சும் துணியால் துடையுங்கள். பெற்றோல் மூடியை மறந்துவிடாதீர்கள். அது உறைந்தால் பெற்றோல் நிலையத்தில் நின்று தவிக்க நேரிடும். பிறகு ஹீட்டரைப் போட்டு 15, 20 நிமிடம் ஓடி, இடையிடையே பிரேக்கை மெல்ல அழுத்தி அதன் ஈரத்தையும் போக்குங்கள். அன்றிரவு சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக் போடாமல் கியரைப் பார்க் நிலையில் விட்டாலே போதும். ஈரமான கைப்பிரேக் உறைந்து பிடித்துக்கொண்டால், மறுநாள் சில்லு சுழலாது.

அப்படியும் கதவு உறைந்துவிட்டால் இழுக்கக் கூடாது. தோளைச் சாய்த்துக் கதவை உள்நோக்கி நாலைந்து தடவை அழுத்துங்கள், பனிப்படலம் நொறுங்கிவிடும். சுடுநீர் ஊற்றவே வேண்டாம். குளிர்ந்திருக்கும் கண்ணாடி வெடிக்கலாம், ஊற்றிய நீரும் சில நிமிடங்களில் உறைந்துவிடும். கிழிந்த பட்டையை இதற்கென விற்கும் கறுப்புப் பசையால் சற்று வெப்பமான நாளில் ஒட்டிவிட்டு, எல்லாப் பட்டைகளிலும் சிலிக்கோன் தடவிவிடுங்கள். நான் ஆண்டுதோறும் நவம்பரில் இதைச் செய்கிறேன்.

திருகாணி:

ரூஜ் கரை ஐயா நாளைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். 19 ஆண்டுகளாகக் கார்களைத் தூக்கி நிறுத்தி அடியில் நின்று வேலைசெய்பவன் என்பதால், இவ்விடயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கதவிலும் பொனற்றிலும் தெரியும் வெள்ளைப் படலத்தைவிட, நீங்கள் குனிந்தாலும் தெரியாத இடங்களில் இருக்கும் உப்பே காரைக் கொல்கிறது.

சென்ற மார்ச்சில் ஒருவர், பிரேக்கை மிதித்தால் மிதி தரைவரை இறங்குகிறது என்று ஒரு காரைக் கொண்டுவந்தார். மேலே பார்த்தால் புதுக் கார் போலப் பளபளத்தது, வாரந்தோறும் கழுவுகிறாராம். தூக்கிப் பார்த்தபோது, பின் அச்சுக்கு மேலே செல்லும் இரும்புப் பிரேக் குழாய், பிடிப்பான் கவ்வியிருந்த இடத்தில் செதில் செதிலாக உரிந்து, ஊசிமுனை அளவு துளையிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அந்தப் பிடிப்பானுக்குள் சேற்றோடு இறுகிக் கிடந்த உப்பை அவருடைய வாராந்தரக் கழுவல் ஒருநாளும் தொட்டதில்லை. அந்தக் குழாய் நெடுஞ்சாலை 401இல் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

ஆகவே தம்பி, நாணயம் போட்டு நாமே நீர் பீய்ச்சும் கார் வாஷுக்குப் போங்கள். முதலில் சோப்பு வேண்டாம், வெறும் நீர் போதும். ரயருக்கு மேலே உள்ள வளைவின் உட்பக்கத்தில் தொடங்குங்கள். அங்கே தகடு உள்நோக்கி மடிந்து ஒரு சிறு வாய்க்கால் போல இருக்கும். அதில் விரலை ஓட்டினால் ஈரமான மணல் கையோடு வரும். சேறும் உப்பும் தங்குவதும், முதலில் கொப்புளம் போலத் துரு எழுவதும் அங்கேதான். நான்கு வளைவுகளையும் முடித்த பிறகு, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் படித்தகட்டின் அடிப்பக்கத்துக்கும், அதன்பின் குழலைத் தரையோடு தாழ்த்தி வண்டியின் அடிக்கும் நீரைப் பீய்ச்சுங்கள். குழல்முனை ஓர் அடி தூரத்திலாவது இருக்கட்டும். மின்கம்பி இணைப்புகளின் மீதும் ரேடியேற்றரின் மெல்லிய தகடுகளின் மீதும் நேராகப் பீய்ச்சாதீர்கள். மேற்பரப்பைக் கடைசியில் கழுவினால் போதும்.

அந்தப் படித்தகட்டின் அடியில் பட்டாணி அளவில் சில வடிதுளைகள் இருக்கும். அவை சேற்றால் அடைபட்டால், உள்ளே போன உப்புநீர் வெளியேற வழியின்றி அங்கேயே நின்று தகட்டை உள்ளிருந்து அரிக்கும். துரு வெளியே தெரியும்போது உள்ளே தகடு மிச்சமிராது. கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டியின் நுனியால் ஒவ்வொரு துளையையும் மெல்லக் குத்தி விடுங்கள். சில வேளை அரைக் குவளை அளவு பழுப்பு நீர் வடியும்.

அங்கே தொங்கும் நுரைத் தூரிகையைத் தொடாதீர்கள். உங்களுக்கு முன்னே வந்தவரின் காரிலிருந்த மணல் அதில் இருக்கும், உங்கள் கறுப்பு நிறத்தில் ஒவ்வொரு கீறலும் தெரியும். தானியங்கிக் கார் வாஷுக்குத்தான் போக முடியும் என்றால், தூரிகை தொடாத வகையில், அடிப்பக்கக் கழுவலும் சேர்ந்த கட்டணத்தைத் தெரிவுசெய்யுங்கள். சில இடங்களில் பயன்படுத்திய நீரையே வடிகட்டி மீண்டும் பாய்ச்சுகிறார்கள். சாதாரண வடிகட்டல் சேற்றை நீக்குமேயன்றிக் கரைந்த உப்பை நீக்காது. ஆகையால் இறுதி அலசல் புது நீரில்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுவுவதோடு, ஆண்டுக்கொருமுறை அடிப்பக்கத்துக்குத் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பதும் அவசியம் என்பது என் கருத்து. ஒக்ரோபரே ஏற்ற மாதம் என்றாலும், எட்டு வயதுக் கார் என்பதால் நன்றாகக் கழுவி உலர்த்திவிட்டு இப்போதே அடித்துவிடலாம். ஓரிரு நாள் எண்ணெய் சொட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மார்க்கம் மாலை:

இந்த உரையாடலைப் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. எங்கள் வீட்டில் சூடேற்றிய கராஜ் இருக்கிறது. காரில் ஒட்டிய பனி இரவில் தானாகவே உருகி வடிந்துவிடுவதால் நான் கழுவுவதே இல்லை. உப்பும் அதோடு போய்விடும் அல்லவா?

திருகாணி:

போகாது. உருகும் பனி உப்பைக் கரைத்து மடிப்புகளுக்குள் கொண்டுசேர்க்கும். நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். வெளியே மறை 15 பாகையில் ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும் துரு, உங்கள் கராஜின் 10, 12 பாகை வெப்பத்தில் இரவு முழுவதும் வேலைசெய்யும். திறந்தவெளியில் நிற்கும் தம்பியின் காரைவிட உங்கள் காருக்கே அடிக்கடி கழுவல் தேவை. உங்களுக்குள்ள வசதி, கழுவியபின் கதவு உறையும் என்ற கவலையின்றி நிறுத்தலாம் என்பதுதான். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஹைலண்ட் ஓடை:

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். சற்று வெப்பமான நாளில் வீட்டு வாசலிலேயே வாளியும் சோப்புமாகக் கழுவுபவர்களைப் பார்க்கிறேன். அந்த நீர் தெருவோர வடிகாலுக்குள் இறங்கினால், எங்கள் பகுதியில் அது சுத்திகரிக்கப்படாமலே ஓடைக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போய்ச் சேரும். கார் வாஷின் கழிவுநீரோ சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கும் கரைந்த உப்பு நீங்காது என்றாலும், எண்ணெயும் சோப்பும் சேறும் ஓடையில் நேரடியாகக் கலப்பதில்லை. கனடாவின் தெருக்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் தொன் உப்பு கொட்டப்படுகிறது. அது நன்னீர் உயிர்களுக்குக் கேடு செய்கிறது என்று 2001ஆம் ஆண்டிலேயே மத்திய அரசின் மதிப்பீடு கூறிவிட்டது. ஹியூரன் ஏரிக்கு அடியில், கோட்ரிச் (Goderich) நகரின் உப்புச் சுரங்கத்தில், 500 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் வெட்டியெடுக்கும் உப்பு, நம் கார்களின் வழியாக இன்னொரு ஏரிக்குப் போகிறது. அதில் நம் சோப்பையும் சேர்த்துவிட வேண்டாம்.

தம்பி, இலக்கத் தகட்டையும் பின்பக்கக் கமராவையும் முன்விளக்குகளையும் நாள்தோறும் ஈரத்துணியால் துடையுங்கள். தகடு அழுக்கின்றித் தெரிய வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். உள்ளே கால்மிதியில் படியும் வெள்ளைக் கறைக்கு, வினிகரும் வெந்நீரும் சம அளவில் கலந்து தெளித்து ஒற்றியெடுத்தால் போதும்.

முதற்பனி:

அனைவருக்கும் மிக்க நன்றி. இன்று வெப்பநிலை 2 டிகிரிக்கு ஏறியதால், மதியம் 12 மணிக்கே நாணயக் கார் வாஷுக்குப் போய்விட்டேன். திருகாணி அண்ணா சொன்னபடி வளைவுகளில் தொடங்கினேன். பின்சக்கர வளைவிலிருந்து மட்டும் மூன்று நிமிடம் பழுப்பு நிறமாகவே நீர் வடிந்தது. வலப்பக்கப் படித்தகட்டில் இரண்டு வடிதுளைகள் அடைபட்டிருந்தன. முதல் துளையைக் குத்தியவுடன் சேறு கலந்த நீர் கைக்கடிகாரம் வரை தெறித்து ஓடியது. இரண்டாவதில் பிளாஸ்டிக் பட்டி ஒரு விரல்கடை தூரம்தான் நுழைகிறது. அதைச் சுற்றிய தகடு அழுத்தினால் சற்று உள்வாங்குகிறது. ரப்பர் பட்டைகளைத் துடைத்து, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, கைப்பிரேக் போடாமல் நிறுத்தியிருக்கிறேன். அந்த இரண்டாவது துளையை எண்ணெய் அடிக்கும் முன் யாரிடமாவது காட்டுவது அவசியமா?

திருகாணி:

அவசியம். அழுத்தினால் தகடு உள்வாங்குகிறது என்றால், உள்ளே துரு தொடங்கிவிட்டது. எண்ணெய்க்கு முன்பே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதே பின் அச்சுக்கு மேலுள்ள பிரேக் குழாயையும் விளக்கு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.