பீட்டர் லேன்யன் ஓவியத்தில் ஊர் எங்கே இருக்கிறது?

கேள்வி: இவரது ‘போர்த்லெவன்’ (1951) ஓவியத்தை நிலக்காட்சி என்கிறார்கள். எனக்கு வெறும் தீற்றல்கள்தான் தெரிகின்றன. எப்படிப் பார்ப்பது?

பதில் 1: முதலில் அடிவானத்தைத் தேடுவதை விடுங்கள். லேன்யன் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வால்காரர், 1918இல் அங்கே செயின்ட் ஐவ்ஸில் பிறந்தவர். போர்த்லெவன் அங்குள்ள துறைமுக ஊர். அதை அவர் ஓரிடத்தில் நின்று வரையவில்லை. மேலிருந்து, பக்கவாட்டில், நடந்தபடி கண்டதையெல்லாம் ஆளுயரத்தையும் தாண்டிய ஒரே பலகையில் அடுக்கிவிட்டார். வரையும் முன் கண்ணாடித் துண்டுகளை ஒட்டி உருவம் செய்து, ஓவியத்தின் இடவெளியை அதில் சோதித்துப் பார்ப்பார். நானும் வரைகிறவன், இந்த உழைப்பு என்னை உலுக்கியது.

பதில் 2: அப்புறம் ‘தெர்மல்’ (1960) பாருங்கள். 1959இல் கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) ஓட்டக் கற்றார். சூடாகி மேலெழும் காற்றையே வரைந்தார். 1964இல் கிளைடர் விபத்துக் காயத்தால் 46 வயதில் போய்விட்டார். பெரிய இழப்பு.

கேட்டவர்: சரி, ‘போர்த்லெவன்’ ஓவியத்தில் இப்போது அந்த ஊரின் மணிக்கூண்டு தெரிகிறது! நன்றி.