டெட் மனி: 'செத்த பணம்' வேண்டாம், 'வரம்பெச்சம்' ஆகுமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

ஐயா போன வாரம் இட்ட விளையாட்டுச் சொற்பட்டியலில் 'டெட் மனி'க்கு (அணியை விட்டுப் போன ஆட்டக்காரர் பேரில் அணியின் கணக்கில் நிற்கும் தொகை) நேரே 'செத்த பணம்' என்று இருந்தது. அதை அப்படியே விட மனம் வரவில்லை. நான் கலைச்சொல் அறிஞன் அல்ல, வெறும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ரசிகன். அமெரிக்கக் கால்பந்தில் பிப்ரவரியில் இறுதியாட்டமான சூப்பர் பௌல் முடிந்தால் செப்டம்பர் வரை கணக்கில் சேரும் ஆட்டம் கிடையாது. அந்த மாதங்களில் எங்களுக்கு இருக்கும் ஒரே வேலை, யாரை வைத்தார்கள், யாரை அனுப்பினார்கள் என்று அடித்துக்கொள்வது. அந்தச் சண்டையில் பாதி இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் வருவது.

> செத்த பணம் என்றால் யாருக்கும் புரியும். அது பிடிக்காவிட்டால், வங்கிக்காரர்களின் வாராக்கடன் போல 'வாராப்பணம்' எனலாம். 'நிலுவை' கூடப் பொருந்தும்.

ஐயா, மூன்றுமே தப்பான இடத்துக்குக் கொண்டுபோகின்றன. வாராக்கடனில் கடன் வாங்கியவன் ஒருவன் இருக்கிறான், பணம் வர வேண்டும், வரவில்லை. நிலுவை என்றால் இன்னும் கொடுக்க வேண்டியது பாக்கி. டெட் மனியில் பெரும்பாலும் யாரும் யாருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை. பணம் எப்போதோ ஆட்டக்காரர் கைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது கணக்கு மட்டும்.

எங்கள் அம்மா ஒருமுறை 3,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து கிரைண்டர் வாங்கினார். வீட்டுக் கணக்கு நோட்டில் மட்டும் மாதம் 100 என்று பிரித்து எழுதிக்கொண்டு வந்தார். மொத்தமாக எழுதினால் அந்த மாதம் அப்பா கண்ணில் பட்டுவிடுமே! இரண்டாம் வருஷம் மோட்டார் எரிந்து கிரைண்டர் பழைய இரும்புக்காரரிடம் போயிற்று. நோட்டில் மட்டும் அது மாதாமாதம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்குதான் டெட் மனி. அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். காரர்கள் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஒரு அணி ஆண்டுக்கு ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுதான் செலவு எழுதலாம் என்று அங்கே ஓர் உச்சவரம்பு உண்டு.

ஒரு ஆட்டக்காரருக்கு ஒப்பந்தம் போடும்போதே 5 கோடி டாலர் போனஸ் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். பணம் உடனே போய்விடும். கணக்கில் அதை அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 1 கோடியாக எழுதலாம். இரண்டு ஆண்டு ஆடியதும் அவரை அனுப்பிவிட்டால் எழுதாமல் நிற்கிற 3 கோடியும் அந்த ஆண்டே கணக்கில் வந்து விழும். ஜூன் 1க்குப் பிறகு அனுப்பினால் அந்த ஆண்டு 1 கோடி, மறு ஆண்டு 2 கோடி என்று பிரியும். ஆள் இல்லை, சட்டை எண்ணை வேறொருவர் போட்டுக்கொண்டு திரிவார், கணக்கில் மட்டும் அவர் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் சண்டைக்கு வருகிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு மதுரை நண்பர், நியூயார்க் ஜயண்ட்ஸ் ரசிகர். 2021இல் நாங்கள் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) கார்சன் வென்ட்ஸை இண்டியானாபோலிஸ் அணிக்கு அனுப்பியபோது எங்கள் கணக்கில் 3.38 கோடி டாலர் விழுந்தது. அன்றைக்கு அது லீகிலேயே சாதனை அளவு. கோவிட் காரணமாக அணிக்கான உச்சவரம்பு அந்த ஆண்டு 18.25 கோடிக்கு இறங்கியிருந்தது. வரம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான இடத்தை ஊரிலேயே இல்லாத ஒருவர் பிடித்துக்கொண்டார். நண்பர் பார்க்கும்போதெல்லாம், "இன்னும் வென்ட்ஸுக்குப் படி அளந்துக்கிட்டு இருக்கீங்களாமே?" என்பார். அளக்கவில்லை ஐயா, 2019 ஒப்பந்தத்தோடு அளந்து முடித்தாயிற்று என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. 'செத்த பணம்' என்ற சொல் அவர் காதில் 'இன்னும் கொட்டிக்கொண்டிருக்கும் பணம்' என்றுதான் விழுகிறது. அந்த ஆண்டு அவர் இடத்தில் ஜேலன் ஹர்ட்ஸை வைத்து நாங்கள் பிளேஆஃப் என்னும் நாக்அவுட் சுற்றுக்குப் போனோம், அடுத்த பருவத்தில் சூப்பர் பௌல் வரையே போனோம் என்பதை அவர் வசதியாக மறந்துவிடுவார்.

> 'தண்டம்' என்று சொன்னால் என்ன? தண்டம் அழுதோம் என்கிறோமே.

சொல்லில் உயிர் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் தீர்ப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜேசன் கெல்சி 13 பருவம் எங்களுக்காக நடுவில் நின்று பந்தைக் கொடுத்தவர். 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றபோது அவர் பேரிலும் கணக்கு மிச்சம் நின்றது. அதைத் தண்டம் என்று தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் நின்று சொல்லிப் பாருங்கள். டென்வர்காரர்கள் ரஸ்ஸல் வில்சனை அனுப்பி 8.5 கோடி டாலரை இரண்டு ஆண்டுக் கணக்கில் ஏற்றிக்கொண்டார்களே, அதைத் தண்டம் என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். (அதே 2024இல் புதுப்பையன் போ நிக்ஸை வைத்துக்கொண்டு அவர்கள் பிளேஆஃபும் போனார்கள் என்பது வேறு விஷயம்.) இரண்டுக்கும் சொல் ஒன்றுதான், திட்டுவதும் திட்டாததும் ரசிகன் பாடு.

ஆகவே என் பரிந்துரை: வரம்பெச்சம்.

'வரம்பு' எங்கிருந்து என்றால், சாலரி கேப்புக்கு 'ஊதிய உச்சவரம்பு' நமக்குச் சிரமமே இல்லாமல் கிடைக்கிறது. நில உச்சவரம்புச் சட்டத்தை 1961 முதல் சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. என்.எஃப்.எல்.லில் 1994இல் 3.46 கோடி டாலரில் தொடங்கிய வரம்பு 2025இல் 27.92 கோடி. 'எச்சம்' நம் இலக்கணச் சொல். வந்த பையன், வந்து போனான்: வினை முடியாமல் நிற்கிறது, எதையோ பற்றிக்கொண்டு முடியப் பார்க்கிறது. ஆள் போன பிறகும் முடியாமல் நிற்கும் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை.

சொல் சரியாக இருந்தால் முடிவுகளைப் பற்றிய பேச்சும் சரியாகும். 2025 மார்ச்சில் டேரியஸ் ஸ்லேயை விடுவித்தபோது எங்கள் ஆட்களே, "இவ்வளவு கணக்கு விழுமே, வைத்துக்கொண்டிருக்கலாமே" என்று புலம்பினார்கள். எச்சம் அவர் இருந்தாலும் எழுத வேண்டியதுதான், இன்றைக்கா நாளைக்கா என்பதுதான் வித்தியாசம். 34 வயது கார்னர்பேக்குக்கு (தடுப்பாட்டக்காரர்) புதிதாக எவ்வளவு கொடுப்பது என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், விட்டது சரி. மில்ட்டன் வில்லியம்ஸ் விஷயத்தில் வயிறு எரிந்தது. சூப்பர் பௌலில் எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை இரண்டு முறை சாய்த்த பையன், அடுத்த மாதமே 4 ஆண்டு, 10.4 கோடி டாலருக்கு நியூ இங்கிலாந்து போய்விட்டான். புதுமுக ஒப்பந்தம் முழுதாக ஓடி முடிந்து போகிறவர் எச்சம் வைக்காமல் போவார், அது ஒன்றுதான் ஆறுதல். அந்த விலைக்கு நாங்களும் நின்றிருந்தால் இன்னும் இரண்டு பேரை இழந்திருப்போம் என்று அறிவு சொல்கிறது. வயிறு கேட்கவில்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. எங்கள் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மனுக்குப் பிடித்த வித்தை 'வாய்ட் இயர்'. ஆட்டக்காரர் ஆடவே போகாத ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்து, போனஸை அவற்றின் மேலும் பரப்பி எழுதுவது. அதற்கு 'வெற்றாண்டு'. பினாமி ஆண்டு என்றுதான் முதலில் எழுதினேன், அழித்துவிட்டேன்.

அன்புடன்,
ஈகிள்ஸ் ரசிகன்

---

தம்பி,

விளக்கம் நன்று, கிரைண்டர் அதைவிட நன்று. ஆனால் 'எச்சம்' என்றதும் எனக்கு மொட்டைமாடிக் கைப்பிடியில் காக்கை போட்டதுதான் நினைவுக்கு வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'வரம்பு மிச்சம்' என்று வைத்தால்?

---

அக்கா,

'வரம்பு மிச்சம்' என்றால் வரம்பில் இன்னும் செலவழிக்க இடம் இருக்கிறது என்று ஆகிவிடும். அது கேப் ஸ்பேஸ், நேர் எதிர்ப்பொருள். பிள்ளைகள் பெயரெச்சம் படிக்கும்போது சிரிக்கவில்லை என்றால் இதற்கும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தாலும் பரவாயில்லை, மறக்கமாட்டார்கள்.

---

நண்பர்களே,

நான் இங்கிலாந்துக் கால்பந்து அணியான செல்சியின் ரசிகன், நீங்கள் சொல்லும் முட்டைப் பந்து எனக்குத் தெரியாது. எங்கள் பக்கமும் இந்தக் கூத்து உண்டு. வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். அதனால்தான் 2023 ஜனவரியில் முத்ரிக் என்ற ஆட்டக்காரருக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டு, இனி 5 ஆண்டுக்கு மேல் பிரிக்கக்கூடாது என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் விதி போட்டது. எழுதாமல் நிற்கும் தொகைக்குக் குறைவாக ஆளை விற்றால் மீதி அத்தனையும் அந்த ஆண்டே நட்டமாக விழும். எங்களுக்கு அங்கே ஊதிய உச்சவரம்பு கிடையாது. ஆகவே பொதுச்சொல்லாகக் 'கணக்கெச்சம்' என்று வைத்து, அமெரிக்கக் கால்பந்துக்கு மட்டும் வரம்பெச்சம் என்றால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும்.

---

ஏற்கிறேன். செத்த பணத்தை எடுத்துவிட்டு, கணக்கெச்சம் தலைச்சொல், வரம்பெச்சம் கிளைச்சொல் என்று பதிகிறேன். வெற்றாண்டும் சேர்த்தாயிற்று. அடுத்தது 'ஃப்ரான்சைஸ் டேக்'. 2023இல் ஜயண்ட்ஸ் சேக்வான் பார்க்லிக்கு அதைப் போட்டு ஓராண்டு நிறுத்தினார்களாம், மறு ஆண்டு விட்டுவிட்டார்களாம், அவர் ஈகிள்ஸுக்குப் போய் ஒரே பருவத்தில் 2,005 கெஜம் ஓடினாராம் என்று பேரன் சொல்கிறான். தம்பி, அந்த மதுரை நண்பரையும் குழுமத்தில் சேர்த்துவிடுங்கள். அந்தச் சொல்லுக்கு அவர் விளக்கம்தான் வேண்டும்.