கல்குளம் தாலுகா சிற்றூர்: பழைய மக்கள்தொகையும் வரலாறும் எங்கே தேடலாம்?

வேளிமலைநிழல்:
ஊர் நூலகத்துக்காக நாலு பக்கத்தில் ஊர் வரலாறு தொகுக்கிறோம். மூணு இடத்தில் முட்டி நிற்கிறது. 2001 சென்சஸில் இருந்த ஆள் எண்ணிக்கை 2011இல் ஏறக்குறைய பாதி. ஊரிலோ வீடுகள் கூடியிருக்கின்றனவே தவிர குறையவில்லை. 1956க்கு முந்தைய கணக்கு தமிழ்நாட்டுப் பக்கம் கிடைக்கவில்லை. பழைய ஆதாரம் ஒன்றில் 'கொல்லம் 1072 மகரம் 14' என்று மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கிறது, அதற்கு ஆங்கில வருஷம் எது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமரித்தரவு:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஆள் குறையவில்லை தம்பி, எல்லை மாறியிருக்கும். 'ஊர்' என்று நாம் சொல்வது வேறு, சென்சஸ் எண்ணுவது வேறு. சென்சஸுக்கு அலகு வருவாய் கிராமம். அதில் ஒரு துண்டு பேரூராட்சிக்குள் போய்விட்டால் அந்தத் துண்டை நகரப் பட்டியலில் தனியாகப் போட்டுவிடுவார்கள். மிச்சம் இருப்பதுதான் கிராமப் பட்டியலில் பழைய பெயரிலேயே நிற்கும். நீங்கள் எடுத்த 2011 எண் அந்த மிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் குழப்பம் மிக அதிகம். நகர மக்கள் 2001இல் சுமார் 65 சதவீதம், 2011இல் 82. பத்து வருஷத்தில் இங்கே அத்தனை நகரம் முளைக்கவில்லை, வகைப்பாடுதான் மாறியது. பேரூராட்சிகள் போக 'சென்சஸ் டவுன்' என்று ஒன்று உண்டு. 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்து, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால், ஊராட்சியாக இருந்தாலும் சென்சஸ் அதை நகரம் என்றே எழுதும். 2011இல் மாவட்டத்தின் சராசரி நெருக்கமே 1,111. நெருக்க நிபந்தனை இங்கே பெரும்பாலும் சும்மாவே நிறைவேறிவிடும்.

செய்ய வேண்டியது: 2001, 2011 இரண்டுக்கும் மாவட்ட சென்சஸ் கையேட்டை எடுத்து, கிராமப் பட்டியலில் உங்கள் பெயரின் அருகே 'பகுதி' என்ற குறி இருக்கிறதா பாருங்கள். கிராமத்தின் பரப்பளவும் அங்கேயே இருக்கும். பரப்பு சுருங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பிறகு நகரப் பட்டியலுக்குப் போய், பக்கத்துப் பேரூராட்சியின் வார்டு எண்ணிக்கையில் உங்கள் துண்டு எந்த வார்டு என்று பிடித்துக் கூட்டுங்கள். பெயரை மட்டும் நம்பாதீர்கள், அந்தந்த வருஷத்துக் கிராமக் குறியீட்டு எண்ணையும் சரிபாருங்கள் (2001 எண்ணும் 2011 எண்ணும் ஒன்றல்ல). 'விளை' என்றும் 'கோடு' என்றும் முடியும் ஒரே பெயர் ஊர்கள் நம் பக்கம் எத்தனை!

ஓலைச்சுவடு:
1949 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திரு-கொச்சி (திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்). அதனால் 1951 கணக்கைத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கீழ்தான் தேட வேண்டும். 1961இலிருந்து சென்னை மாநிலத்தின் கன்னியாகுமரி மாவட்டக் கையேடு.

திருவிதாங்கூரில் முதல் முறையான கணக்கெடுப்பு 1875, திருவிதாங்கூர் அதிகாரி நாகமையாவின் பொறுப்பில் நடந்தது. 1881இலிருந்து பத்து வருஷத்துக்கு ஒன்று. அந்த அறிக்கைகளில் பத்மநாபபுரம் டிவிஷனைப் பாருங்கள். ஒரு பொறி இருக்கிறது: 1901இல் அதில் ஐந்து தாலுகா. தோவாளை, அகஸ்தீஸ்வரம், இரணியல், கல்குளம், விளவங்கோடு. இரணியல் தாலுகா பின்னால் எடுபட்டுப்போனது. அன்றைய கல்குளத்தையும் 1951இன் கல்குளத்தையும் ஒரே வரிசையில் போட்டு 'இத்தனை மடங்கு வளர்ந்தது' என்று எழுதினால் கணக்கு பொய். உங்கள் ஊர் அன்றைக்கு இரணியலா கல்குளமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். தாலுகாவுக்குக் கீழே 'பகுதி' என்றொரு வருவாய்ப் பிரிவு இருந்தது. பழைய ஆதாரத்தின் தலைப்பில் அந்தப் பெயர் எழுதியிருக்கும். குமரித்தரவு சொன்ன 'பகுதி' குறியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கொல்லம் 1072 மகரம் என்றால் 1897 ஜனவரி கடைசி வாரம். சிங்ஙத்திலிருந்து (நம் ஆவணி) டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடிய 825. தனு மாதம் (மார்கழி) இரண்டு வருஷத்திலும் கால் வைக்கும், அதனால் தேதி பார்த்துத்தான் கூட்ட முடியும். எல்லாவற்றுக்கும் 825 போட்டு விழா மலர் அடித்த ஊர்கள் உண்டு.

அதைவிடப் பழைய காலத்துக்கு கல்வெட்டு, செப்பேடுகளை அச்சிட்ட 'திருவாங்கூர் ஆர்க்கியாலஜிகல் சீரிஸ்' தொகுதிகளைப் பாருங்கள். பார்த்திவசேகரபுரம் செப்பேடு ஊர் வரலாற்றுக்கு நல்ல மாதிரி. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, கோயிலும் 95 மாணவர்களுக்கான சாலையும் (கல்விக்கூடம்) அமைத்ததைச் சொல்கிறது. கலி நாள் கணக்கு (கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்கள்) போட்டிருப்பதால்தான் கி.பி. 866 என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. எல்லாக் கல்வெட்டும் இப்படி வாய்க்காது. கல்வெட்டில் ஊர்ப்பெயர் வந்தாலே குதிக்க வேண்டாம், அது கொடை கொடுத்தவனின் ஊராகவும் இருக்கலாம், நிலத்தின் எல்லையாகவும் இருக்கலாம். முழு வரியையும் படியுங்கள்.

பங்குப்பதிவேடு:
ஊரில் கிறிஸ்தவக் கோயில்சபை இருந்தால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்று பதிவேடும் பொன். லண்டன் மிஷன் வேலை 1806இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தொபேயோடு தொடங்கியது, நெய்யூர் 1828. கத்தோலிக்கப் பங்கு என்றால் கோட்டாறு மறைமாவட்டம் 1930இல்தான் கொல்லத்திலிருந்து பிரிந்தது, குழித்துறை 2014இல் கோட்டாற்றிலிருந்து. பங்கு பிரியும்போது பழைய புத்தகம் தாய்ப்பங்கிலேயே தங்கிவிடும். உங்கள் கோயிலில் 1940க்கு முன் இல்லையென்றால் ஊருக்கு அதற்குமுன் ஆள் இல்லை என்று அர்த்தம் இல்லை. சபையில் சேர்ந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள் என்பதால் மக்கள்தொகை என்று எழுதாமல் 'பதிவான பிறப்பு' என்றே எழுதுங்கள்.

வேளிமலைநிழல்:
நன்றி அண்ணே. 2011இல் 'பகுதி' குறி இருக்கிறது, பரப்பும் குறைந்திருக்கிறது. 2021க்கு என்ன போட?

குமரித்தரவு:
2021இல் சென்சஸே நடக்கவில்லை. அடுத்ததற்குக் கணக்கு நாள் 2027 மார்ச் 1. அதுவரை '2011படி' என்றே போடுங்கள். ஊராட்சியில் கேட்டால் ஒரு எண் தருவார்கள், அது எதிலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். வாக்காளர் பட்டியல் என்றால் 18 வயதுக்குக் கீழே ஒருவரும் இருக்க மாட்டார்கள், கல்ஃபில் இருக்கிறவர் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கும்.