வயதுக் கணக்கில் மகனுக்கு 0 வயசு வருது, எங்கே தப்பு?

கேள்வி:
"தந்தையின் வயது மகன் வயதைப் போல 3 மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து 2 மடங்காக இருக்கும். இப்போதைய வயதுகள் என்ன?"

மகன் வயது ம, தந்தை வயது 3ம-ன்னு வெச்சேன்.
3ம + 12 = 2ம + 12
ம = 0

நாலு தடவை போட்டாச்சு. அப்பாவும் பிள்ளையும் ஒரே நாள்ல பிறந்த மாதிரி வருது!

பதில் 1:
'கழித்து'ன்னதும் மைனஸ் போடுறவங்க உண்டு, நீங்க அதுல மாட்டலை. ஆனா மகனுக்கும் 12 வயசு கூடின பிறகுதான் இரட்டிப்பாக்கணும். நீங்க இரட்டிப்பாக்கிட்டு 12-ஐக் கூட்டியிருக்கீங்க.

3ம + 12 = 2(ம + 12)
3ம + 12 = 2ம + 24
ம = 12

தந்தைக்கு 36. பிறகு 24, 48. பொருந்துதா? கேள்வியில அடைப்புக்குறி எழுதியிருக்காது, நாமதான் போட்டுக்கணும். 'இப்போது', 'பிறகு'ன்னு ரெண்டு வரியில வயசை எழுதிக்கிட்டா அது தானா வந்துடும்.

கேள்வி கேட்டவர்:
ஆஹா, அடைப்புக்குறிதானா! இன்னொண்ணு. பா = (9/5)செ + 32, இதுல செ-யைத் தனியாக்கணும் (பா பாரன்ஹீட், செ செல்சியஸ்). எனக்கு செ = (5/9)பா − 32 வந்துச்சு. 212 போட்டா 100 வரணும், 85.8 தான் வருது.

பதில் 2:
செ-யை முதல்ல 9/5 ஆல பெருக்கி, கடைசியா 32 கூட்டியிருக்கு. மூட்டையில கடைசியா போட்ட முடிச்சைத்தானே முதல்ல அவிழ்ப்போம்? முதல்ல 32-ஐக் கழிங்க:

பா − 32 = (9/5)செ
செ = (5/9)(பா − 32)

212 − 32 = 180, அதுல 9-ல் 5 பங்கு 100.

பதில் 3:
வரிசை மாறினா தப்புன்னு இல்லைங்க. முதல்லயே 5/9 ஆல பெருக்கலாம், ஆனா 32-ஐயும் சேர்த்துப் பெருக்கணும்: (5/9)பா = செ + 160/9. இவர் 32-ஐ மட்டும் விட்டுட்டார், தப்பு அங்கதான். "அந்தப் பக்கம் போனா குறி மாறும்"னு மனப்பாடம் பண்ணா இப்படித்தான் ஆகும். ரெண்டு பக்கமும் முழுசா ஒரே வேலையைச் செய்யணும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:
இப்போ 212-க்கு 100, 32-க்கு 0 வருது. ஆனா −40 போட்டா −40-யே வருதே, மறுபடியும் சொதப்பிட்டேனா?

பதில் 2:
இல்லை, சரிதான். ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கிறது அங்க மட்டும்தான். பா-வுக்குப் பதிலா செ-ன்னே எழுதி, செ = (9/5)செ + 32-ஐத் தீர்த்துப் பாருங்க.