புதுப்பிப்பு: வெள்ளவத்தை மேல்மாடி, அனுமதிக் கட்டணம்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்ட மாநகர சபையில் அனுமதி கேட்டபோது, பக்கத்து வீட்டார் முன்பு செலுத்தியதைவிடக் கட்டணம் ஏன் இவ்வளவு கூட என்று கேட்டிருந்தேன்.

"கணக்கைக் கேட்டு வாங்குங்கள், தளப்பரப்பைப் பாருங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது. கட்டணம் தளப்பரப்பை வைத்தே போடப்படுகிறது. எங்கள் படவரைஞர், ஏற்கெனவே அனுமதி பெற்ற கீழ்த்தளத்தையும் சேர்த்து எழுதிவிட்டார். பழைய அனுமதிப் படம் அம்மாவின் அலுமாரியில், சேலைகளுக்கு அடியில் இருந்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் முத்திரை தெளிவாகத் தெரிந்தது. அதைக் காட்டித் திருத்தியதும் தொகை நன்றாகக் குறைந்தது. ஆனால் பக்கத்து வீட்டார் செலுத்திய அளவுக்கு இறங்கவில்லை, இடையில் கட்டண வீதமே கூடிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதிக்கு ஒதுக்கிய எல்லை நம் காணியைத் தொடுகிறதா என்று காட்டுவது) பழையது, புதிதாக எடுங்கள் என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம். அப்புறம், அனுமதி கைக்கு வருமுன் அத்திவாரம் வெட்டிவிடாதீர்கள். பிறகு அனுமதி எடுக்க மேலதிகக் கட்டணம் வரும்.