மடித்த ஃபங்ஷனுக்குள் தேடினால் கிடைக்குமா, கிடைக்காதா?

உவர்மலையான்:
கோட் எழுதும் எடிட்டரான விம் பற்றி நிலாவெளித் தம்பி நேற்று இப்படி எழுதியிருக்கிறார்: "விம்மில் ஃபங்ஷனை மடித்து வைத்தால் உள்ளே இருப்பது தேடலில் கிடைக்காது, மடிக்காதீர்கள்." இதை யார் சொல்லித் தந்தது? ஃபங்ஷன் போன்ற கோட் பகுதியை ஒரே வரியாகச் சுருக்கிக் காட்டும் மடிப்பு வசதி 2001இல் விம் 6.0 உடனேயே வந்துவிட்டது. சாய்கோடு போட்டுத் தேடினால் மடிப்பு தானாகவே திறக்கும். எந்தக் கட்டளைகளுக்கு மடிப்பு திறக்க வேண்டும் என்று சொல்லும் 'ஃபோல்ட்ஓபன்' அமைப்பில் 'சேர்ச்' (தேடல்) முதலிலிருந்தே இருக்கிறது.

நிலாவெளி நண்டு:
அண்ணை, என் கொம்பியூட்டரில் திறக்கவில்லை. அடுத்ததற்குப் போக 'என்' அழுத்தினால் கர்சர் மடிந்த வரியில் போய் நிற்கிறது.

உவர்மலையான்:
அப்போ கிடைத்திருக்கிறது, திறக்கவில்லை. கிடைக்காது என்றுதானே எழுதினீர்கள்? யாரோ யூடியூபில் சொன்னார் என்று கிடைத்த வரி திரையின் நடுவுக்கு வர, 'என்' அழுத்தினால் 'என் இசட் இசட்' ஓடும்படி மேப் பண்ணியிருப்பீர்கள். மேப்பிங்குக்குள் ஓடும் கட்டளைக்கு ஃபோல்ட்ஓபன் வேலை செய்யாது. மேப்பிங்கின் கடைசியில், மடிப்பைத் திறக்கும் 'இசட் வி' சேருங்கள். உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது, வாசித்தால்.

நிலாவெளி நண்டு:
ஆக, திறக்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

உவர்மலையான்:
எங்கே சொன்னேன்? உங்கள் நிலாவெளியில் புறாமலைத் தீவுக்குப் படகு விடுகிற சீசன்தானே, அதைப் பாருங்கள்.

நிலாவெளி நண்டு:
ஊரை ஏன் இழுக்கிறீர்கள்? உவர்மலையில் இருந்தால் எல்லாரும் கீழேதான் தெரிவார்களோ?

கிண்ணியாக் காற்று:
விஎஸ் கோட் எடிட்டரில் கொன்ட்ரோல் எஃப் போட்டால் மடித்ததும் திறக்கும். கொன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ அழுத்தினால் ஃபங்ஷன் பட்டியலே வரும். மடிக்கவே தேவையில்லை.

உவர்மலையான்:
உங்களை யார் கேட்டது? போன தடவை, கோடை உள்தள்ள டாப்பா ஸ்பேஸா என்ற சண்டையில் பாதியில் ஓடியவர்தானே. ஃபங்ஷன்கள் இருக்கும் இடங்களைப் பட்டியலிடும் சிடேக்ஸ் இருந்தால் விம்மிலும் கொன்ட்ரோலோடு வலப்பக்கச் சதுர அடைப்பை அழுத்தி ஃபங்ஷன் எழுதிய இடத்துக்கே போகலாம், கொன்ட்ரோல் டி அடித்துத் திரும்பலாம்.

கிண்ணியாக் காற்று:
ஓடவில்லை. நோன்பு திறக்கப் போனேன்.

பாலையூற்று அக்கா:
சண்டையை விடுங்கள். மடிந்த வரியில், வரியை அழிக்கும் 'டிடி' அடித்தால் மடிப்பு முழுவதும் அழியும், புதியவர்களுக்கு அதைச் சொல்லுங்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒருவர் அப்படி அழித்து, சேமித்தும் விட்டார்.

உவர்மலையான்:
அக்கா, சேமித்தாலும், செய்ததை மீட்கும் 'யு' அடித்தால் வரும்.

பாலையூற்று அக்கா:
ஃபைலையும் மூடிவிட்டார் தம்பி.

உவர்மலையான்:
மூடிய பிறகும் மீட்க உதவும் 'அன்டூஃபைல்' அமைப்பைப் போட்டிருக்க வேண்டும். விம் 7.3 இலிருந்து இருக்கிறது. அது அவர் பிழை, மடிப்பின் பிழை இல்லை.

நிலாவெளி நண்டு:
இப்போதும் பார்த்தேன். திறக்கவில்லை.

உவர்மலையான்:
இசட் வி சேர்த்தீர்களா?

நிலாவெளி நண்டு:
ஏன் சேர்க்க வேண்டும்? தானாகத் திறக்கும் என்றவர் நீங்கள்தானே.

உவர்மலையான்:
உங்கள் விம் அமைப்புகள் உள்ள விம்ஆர்சி ஃபைலை இங்கே ஒட்டுங்கள், பார்ப்போம்.

நிலாவெளி நண்டு:
போன வருடம் ஒட்டியபோது சிரித்தீர்கள். ஒட்ட மாட்டேன்.

உவர்மலையான்:
சிரிக்கிற மாதிரி இருந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள்.