இலங்கை மலைநாட்டில் தினமும் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர்களே, உங்கள் பாடு எப்படி?

ஹட்டன்வாசி:

வீடு ஹட்டனில், வேலை நுவரெலியாவில். போக வர ஏ7 வீதிதான். காலையில் மல்லியப்புச் சந்தி தாண்டும்போது பனி இறங்கியிருந்தால், அன்றைக்கு எத்தனை மணிக்கு ஒப்பீஸ் போய்ச் சேருவேன் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். இதில் இன்னொரு கூத்து, நாலு சிக்னலையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள். நிற்கிறாரா, ஓடுகிறாரா, வலப்பக்கம் திரும்பப் போகிறாரா, பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

பனி விலகினால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி. இரண்டாவது கியரில் அதன் பின்னாலேயே உருள வேண்டும். முந்தலாம் என்று கொஞ்சம் வெளியே எடுத்தால், முடக்கில் தனியார் பஸ் ஒன்று ஹோர்னை அமர்த்திக்கொண்டு நம் பக்கமாகவே வரும். ஒதுங்க இடப்பக்கத்தில் இருப்பது தண்ணீர் ஓடுகிற கான் மட்டும்தான். என் காரின் முன் சில்லு அதற்குள் இறங்கி, தோட்டத்துப் பொடியன்கள் தூக்கிவிட்ட கதையெல்லாம் உண்டு. தலவாக்கலை டவுனில் பாடசாலை நேர நெரிசல், நானுஓயாவுக்கு மேலே ஏற்றம், அப்புறம் ஏப்ரல் சீசன் என்றால் நுவரெலியாவில் காரை எங்கே நிறுத்துவது என்ற தலைவலி.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறியது அல்லவா, அந்த விலைக்கு வாங்கிய கார் இது. லீசிங் இன்னும் ஓடுகிறது.

ஒரே ஒரு காலத்தில்தான் இந்தப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். 2022 பெற்றோல் தட்டுப்பாடு. கியூஆர் குறியீட்டைக் காட்டி எண்ணெய் அடிக்கிற முறை வந்ததும் காருக்கு வாரம் 20 லீட்டர்தான் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போகிற நாலு பேர் ஒரே காரில் ஏறினோம், ஒவ்வொரு வாரம் ஒவ்வொருவர் கார். பேசிக்கொண்டே போனால் லொறிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. 2023 செப்டெம்பரில் கியூஆர் முடிந்தது, எங்கள் கூட்டும் கலைந்தது. இப்போது நாலு பேரும் நாலு காரில், அதே லொறிக்குப் பின்னால், ஒருவர் பின் ஒருவராக.

காரை விட்டுவிட்டு வேறு வழியில் போய் வருகிறவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கொட்டகலை டீச்சர்:

அண்ணா, என் கதை தலைகீழ். பஸ்ஸில் போய் வந்து, பிறகு காருக்கு மாறினவள் நான்.

காலை பஸ்ஸைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. கூட்டம்தான். மிதிபலகையில் ஒரு கால் வைத்தவுடனேயே கொண்டக்டர், "உள்ளுக்குப் போங்க, நடுவுல இடம் இருக்கு" என்பார். நடுவில் இருப்பது இன்னொருவரின் முழங்கை. ஹேண்ட்பேக்கை முன்னால் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பது யாரென்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். பெண்களுக்கு நான் சொல்வது புரியும். மிச்சக் காசு கேட்டால் "இறங்கக்குள்ள தாறேன்". இதெல்லாம் பழகிவிட்டது.

பழக முடியாதது பின்னேரம். பாடசாலை ஒன்றரைக்கு விடும், சரி. மேலதிக வகுப்பு, கூட்டம், விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி என்று ஏதாவது வந்தால் டவுனுக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் தோட்டத்துப் பக்கம் போகும் கடைசி பஸ் வெளிக்கிட்டிருக்கும். இத்தனைக்கும் அப்போது இருட்டியிருக்காது. மெயின் ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதில் வந்து சந்தியில் இறங்கினால் மிச்சத் தூரத்துக்கு என்ன செய்வது? ஓட்டோக்காரரைக் கேட்டால், "ரோட்டு சரியில்ல டீச்சர், பார்த்துக் குடுங்க" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது, அந்தப் பாதையில் ஒரு தடவை போய் வந்தாலே வண்டியின் அடிப்பாகம் கழன்றுவிடும். மழை, இருட்டு, தனியாக ஓட்டோ. வீட்டில் அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் எடுப்பார்.

பஸ் மோசம் என்று நாங்கள் கார் வாங்கவில்லை. கடைசி பஸ் நேரத்தோடு போய்விடுகிறது என்பதற்காகத்தான் வாங்கினோம். ஆறரைக்கும் ஏழரைக்கும் தோட்டத்துப் பக்கம் ஒவ்வொரு பஸ் விட்டால் நாளைக்கே காரை விற்றுவிடுவேன்.

கம்பளை சீசன்காரன்:

நான் கோச்சிக் கட்சி. கம்பளையிலிருந்து கண்டிக்கு, நாவலப்பிட்டியிலிருந்து வருகிற ரயிலில். சீசன் டிக்கட்.

கண்டிக்குள் காரில் போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பேராதனைப் பாலம் தாண்டியதும் ஊர்வது தொடங்கும். கெட்டம்பேயில் நின்றால் நின்றதுதான். கண்டியின் பெரிய பாடசாலைகள் எல்லாம் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன, ஒரு பிள்ளைக்கு ஒரு வேன் அல்லது ஒரு கார் என்று காலை ஏழு மணிக்கும் பகல் ஒன்றரைக்கும் ஊரே அடைத்துக்கொள்ளும். பெரஹெர காலத்தில் வீதிகளையே மூடிவிடுவார்கள். ரயிலில் வந்தால் ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடிக்கிற இடம் நடந்து போகிற தூரம்தான், அங்கிருந்து நாலா பக்கமும் பஸ் இருக்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். தனிப்பாதை, எதிர் ரயில் வரும்வரை ஸ்டேஷனில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். எங்கேயாவது ஒரு பெட்டி தடம் புரண்டால் அன்றைக்கு எல்லோருக்கும் அரை நாள் லீவு. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது மலையகப் பாதை பல இடங்களில் மண்ணோடு போனது. ரயிலுமில்லை, வீதியுமில்லை. அந்த நாட்களில் கார் வைத்திருந்தவரும் என்னோடு சேர்ந்து வீட்டில்தான் இருந்தார்.

பண்டாரவளைப் பக்கம்:

கம்பளை அண்ணன் கொடுத்து வைத்தவர். இங்கே ரயிலில் நமக்கு நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்றால் வாசலில் தொங்கிப் படம் எடுக்கிறவர்கள்தான். எங்கள் நேரத்துக்கு ரயிலும் இல்லை, தூரப் பயணக்காரருக்குப் போட்ட நேரசூசி அது. வேலைக்குப் போகிறவர்களுக்காக பதுளைக்கும் அப்புத்தளைக்கும் இடையில் காலையிலும் மாலையிலும் ரெண்டு பெட்டி ரயில்பஸ் ஓடினால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

லிந்துலைப் பெரியவர்:

தம்பிமார் ரயிலைப் பற்றிப் பேசுவதால் ஒன்று சொல்கிறேன். மெயின் பாதை நானுஓயாவுக்கு 1885இலேயே வந்துவிட்டது. அங்கிருந்து நுவரெலியா டவுன் வழியாக ராகலை வரைக்கும் ஒரு சின்னப் பாதையும் இருந்தது. குறுகிய தண்டவாளம். 1940களில் அதை மூடிவிட்டார்கள். ஹட்டன் தம்பி இன்றைக்கு ரயிலில் போனால் நானுஓயாவில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பாதை இருந்திருந்தால் டவுனிலேயே இறங்கியிருப்பார். நூறு வருடத்துக்கு முன்பு இருந்த வசதி இப்போது இல்லை, என்னத்தைச் சொல்ல.

மஸ்கெலியா பைக்:

பைக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே? செலவு குறைவு, லொறியை முந்தலாம், பார்க்கிங் பிரச்சினை இல்லை. ஆனால் மே மாதம் தொடங்கி இந்தப் பக்கம் பிடிக்கிற மழையில் ரெயின்கோட் போட்டும் உள்ளே நனைந்துதான் போய்ச் சேருவேன். சிவனொளிபாதமலை சீசனில் போயா (பௌர்ணமி) லீவு வந்தால் ரோட்டு முழுக்க யாத்திரை பஸ், அப்போது மட்டும் பைக்காரன்தான் ராஜா.

புசல்லாவை:

பஸ்ஸுக்கு மாறுங்கள் என்று சொல்வது லேசு. 2025 மே மாதம் இறம்பொடை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது எங்கள் ரோட்டு. அதற்குப் பிறகு என் மனைவி பஸ்ஸில் ஏறுவதே இல்லை. காரும் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் போகிறது என்று சொன்னால், "பிரேக் உங்க கால்ல இருக்கு" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் லபுக்கலையிலிருந்து இறங்குகிற ஓட்டோ கியர் கார்களைப் பாருங்கள், டி-யில் போட்டு பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள், பிரேக் கருகுகிற வாடை எங்கள் கடைவரை வரும். எல்-லில், அதாவது குறைந்த கியரில் போடுங்கள் ஐயா, அதற்காகத்தான் அந்த எழுத்தை அங்கே போட்டிருக்கிறார்கள்.

தலவாக்கலை வேன் கோஷ்டி:

ஹட்டன் அண்ணன், உங்கள் நாலு பேர் கூட்டு கலைந்ததற்குக் காரணம் பெற்றோல் கிடைத்தது மட்டுமில்லை என்று நினைக்கிறேன். யார் கார், யார் எண்ணெய், யார் லேட் என்ற கணக்கு எப்போதும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். நாங்கள் அதே காலத்தில் தொடங்கினோம், இன்னும் ஓடுகிறது. வித்தியாசம், யாருடைய காரும் இல்லை. ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒரு அண்ணனைப் பிடித்தோம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு அவருடைய வேன் சும்மாதான் நிற்கும். பின்னேரமும் அப்படித்தான். அந்த நேரம் எங்களுக்கு. நுவரெலியாவில் எட்டரைக்கு வேலை தொடங்குகிறவர்களுக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

டீச்சர் சொன்ன கடைசி பஸ் பிரச்சினையும் இதில் பாதி தீருகிறது, சந்தியில் விடாமல் லயத்து வாசல்வரை போய் விடுவார். அந்தத் துண்டுக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறோம். லேட் வேலை இருக்கிறவர்களுக்கு மட்டும் இன்னும் வழியில்லை, அவர்கள் அன்றைக்குக் காரோ பைக்கோ கொண்டு வருகிறார்கள்.

சட்டங்கள் சில இருக்கின்றன. மாதக் காசு முதலாம் திகதி, வந்தாலும் வராவிட்டாலும். சொன்ன நேரத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்க மாட்டார், மேனேஜராக இருந்தாலும். முடக்கில் வாந்தி வருகிறவருக்கு முன் சீட், அதில் சீனியர் ஜூனியர் பேச்சுக்கு இடமில்லை. தலவாக்கலையிலிருந்து மேலே போகிற யாருக்காவது தேவையென்றால் சொல்லுங்கள், இப்போதைக்குப் பின்வரிசையில் ஒரு சீட் காலி.